பந்தயக் களம் தந்த பாடம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியும் பண்பாடு பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்துள்ளோம். இவ்வாண்டு அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் பொறியியல் பயின்றவன் அல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். ஆயினும் இரவும் பகலும் ஓடும் வண்டிகளின் ஒலிக்கிடையே வாழ்பவன் என்னும் உரிமையால், "மோட்டார்ப் பந்தயத்தினால் நம்மைப் போன்ற குடும்பத்தார்க்கு விளையும் நன்மை யாது?" என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நன்மை ஒன்றுமில்லை என்பர் பெரியோர். அது செல்வர் விளையாட்டு, பெட்ரோலுக்கும் கேடு, உயிருக்கும் கேடு என்பது அவர்கள் தீர்ப்பு. இளைஞரோ தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அவ்வண்டிகளின் வேகத்தில் மயங்கி நிற்கின்றனர். இரு சாராரும் வேகம் ஒன்றையே காண்கின்றனர் என்பது என் எண்ணம். வேகம் வேடிக்கைக்கு உரியது. நாம் கற்றற்குரியது அதற்குப் பின்னால் உள்ளது. பழுது நேர்ந்த இடத்தை மறைக்காது ஆராய்தல், அதனை அளந்து அறிதல், அறிந்ததை விதியாக்கல், அவ்விதிக்குப் பெரியவர் சிறியவர் என்று பாராது யாவரும் கட்டுப்படல் ஆகிய ஒழுங்கே அது. இவ்வொழுங்கு இருந்த இடத்தில்தான் பந்தயக் களத்திலிருந்து நம் தெருவுக்கு நன்மை வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதுவே தலைக்கவசம். காவல்துறையினர் அபராதம் வாங்குவதற்கென்றே இதனைக் கண்டுபிடித்தனர் என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். உண்மை வேறு. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயத் தடம் 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கு மருத்துவப் பொறுப்பில் இருந்த எரிக் கார்ட்னர் என்பார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலையில் அடிபட்டு வருவதைத் திரும்பத் திரும்பக் கண்டு வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல், கித்தான் துணியையும் அரக்கையும் கொண்டு ஒரு தொப்பி செய்வித்தார். பலத்த அடியைத் தாங்கும் உறுதியும், மோதிய பொருள் வழுக்கிச் செல்லத்தக்க வழவழப்பும் அதற்கு இருந்தன. பந்தய அமைப்பினர் முதலில் அதனை ஏற்கவில்லை. பின்னர் மனம் மாறி, 1914-ஆம் ஆண்டு மான் தீவில் நடைபெற்ற பந்தயத்தில் அதனை அணிந்தே ஓட்ட வேண்டும் என்று கட்டளையிட்டனர். ஆண்டுதோறும் பந்தயம் முடிந்தால் மூளை அதிர்ச்சியுற்றோர் சிலரேனும் மருத்துவ மனைக்கு வருவர். அவ்வாண்டு ஒருவரும் வரவில்லை என்று அத்தீவின் மருத்துவர் எழுதி அனுப்பினார் என்பர். இது நிகழ்ந்து 110 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இரண்டாவதாக, வண்டியில் பின்புறம் பார்க்கும் கண்ணாடியைக் கூறலாம். 1911-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் முதன்முறையாக 500 மைல் பந்தயம் நடந்தது. ஓட்டுநரின் அருகில் ஓர் இயந்திரப் பணியாளர் அமர்ந்து, பின்னால் யார் வருகின்றனர் என்று பார்த்துக் கூறுவது அக்கால வழக்கம். ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனியாக ஓட்ட முற்பட்டார். அது ஆபத்து என்று ஏனையோர் முறையிட்டனர். அவர் தம் முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டி, மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் முதலாவதாக வந்தார். இதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. அக்கண்ணாடியை முன்னரே ஒரு குதிரை வண்டியில் கண்டதாக அவரே கூறியுள்ளார். செங்கல் பாவிய அத்தடத்தில் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தமையால் அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்றும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே பந்தயம் எல்லாவற்றையும் தானே படைத்துவிடுவதில்லை. பிறர் கண்ட கருத்தை எடுத்துக் கடுமையான சோதனைக்கு உட்படுத்துவதே அதன் தொழில்.

தட்டு பிரேக்கின் கதையும் இத்தகையதே. வட்டத் தகட்டை இருபுறமும் இறுகப் பற்றி வண்டியை நிறுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலான வண்டிகளில் மூடிய உருளை பிரேக்கே இருந்தது. மலைச்சரிவில் அடிக்கடி அழுத்தினால் அஃது உள்ளே வெம்மையுற்றுப் பிடிப்பை இழந்துவிடும். தட்டு பிரேக்கோ வெளியே திறந்திருப்பதால் காற்றுப்பட்டு விரைவில் குளிரும். 1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லெ மான் என்னுமிடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், இத்தகைய பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. ஒரு பகலும் ஓரிரவும் இடைவிடாது ஓடியும் அதன் பிடிப்புத் தளரவில்லை என்பதை உலகம் கண்டது. இரண்டே ஆண்டுகளில், 1955-ஆம் ஆண்டு வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். என்னும் குடும்பக் காரின் முன்சக்கரங்களில் அது இடம்பெற்றது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளில், முன்சக்கரத்தில் துளையிட்ட தகடு ஒன்று பளபளப்பதைக் காணலாம். அது லெ மான் தடத்தின் வழியே நமக்கு வந்தது.

இனி விபத்துகளைப் பற்றிச் சில சொற்கள். இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நம் விதிநூலின் பல விதிகளுக்குப் பின்னே யாரோ ஒருவருடைய மரணம் இருக்கிறது. பெரிய விபத்து நேர்ந்தால், இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிக்கின்றார். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பதே இதன் கருத்து. பந்தய உலகம் இந்தப் பாடத்தை மிகவும் தாமதமாகவும், மிகுந்த விலை கொடுத்தும் கற்றது.

1955-ஆம் ஆண்டு அதே லெ மான் பந்தயத்தில் ஒரு வண்டி பார்வையாளர் நடுவே பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1978-ஆம் ஆண்டு இத்தாலியில் மோன்சா தடத்தில் ரானி பீட்டர்சன் என்னும் வீரர் படுகாயமுற்றபோது மருத்துவ உதவி காலந்தாழ்ந்து வந்தது. மறுநாள் அவர் இறந்தார். அவ்வாண்டு பந்தய மருத்துவப் பொறுப்பை ஏற்றிருந்த சிட் வாட்கின்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர், ஹெலிகாப்டரும் மயக்க மருந்து வல்லுநரும் களத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும், முதற்சுற்றில் பந்தய வண்டிகளின் பின்னாலேயே மருத்துவ வண்டியும் செல்லுதல் வேண்டும் என்று வற்புறுத்தி நிறைவேற்றினார். 1994-ஆம் ஆண்டு இமோலா தடத்தில் அடுத்தடுத்த இரு நாட்களில் ராட்சன்பெர்கர், அயர்டன் சென்னா ஆகிய இருவர் உயிர் நீத்தனர். சென்னா மும்முறை உலக வாகை சூடியவர். அத்தகைய பெருவீரரும் மடிந்ததைக் கண்டபின், அதே வாட்கின்ஸ் அவர்களின் தலைமையில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அதன் பின்னர் 20 ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டுநர் எவரும் உயிரிழக்கும் விபத்து நேரவில்லை.

அக்குழுவின் காலத்தில் பிறந்த எண்ணம் பந்தயத் தடத்தோடு நின்றுவிடவில்லை என்பதே நமக்கு முதன்மையானது. பந்தய வண்டியைச் சுவரில் மோதவிட்டு ஆராயலாம் எனின், தாயும் தந்தையும் குழந்தைகளும் ஏறிச் செல்லும் கார்களையும் அவ்வாறே மோதவிட்டு முடிவை ஊரறியச் சொல்லலாமே என்று சிலர் கேட்டனர். ஐரோப்பாவில் 1997-ஆம் ஆண்டு கார்களுக்கு நட்சத்திர மதிப்பு வழங்கும் யூரோ என்.சி.ஏ.பி. என்னும் அமைப்பு தன் முதல் முடிவுகளை வெளியிட்டது. பன்னாட்டு மோட்டார்ப் பந்தயங்களை நடத்தும் கழகத்தின் தலைவராக அப்போது இருந்த மாக்ஸ் மோஸ்லி அவர்களே அதன் முதல் தலைவராகவும் விளங்கினார். இதே வழியில் தோன்றிய உலக அமைப்பு, 2014-ஆம் ஆண்டு நம் நாட்டில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அவ்வகைகள் ஐந்தும் பெற்றவை சுழி நட்சத்திரம்! நாணத்தால் நாம் தலைகுனிந்தோம். ஆயினும் குனிந்த தலை நிமிர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 2018-இல், நம் நாட்டிலேயே செய்யப்பட்ட டாட்டா நெக்சான் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், பாரத் என்.சி.ஏ.பி. என்னும் நமது சொந்தச் சோதனை முறையும் நடைமுறைக்கு வந்தது. குறையை வெளியே சொன்னதனால் வந்த நன்மை இது.

இளைஞர்களுக்கு இங்கு ஒன்று கூற விரும்புகிறேன். 2018-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் வண்டிகளில் ஓட்டுநரின் தலைக்கு மேல் டைட்டானியம் உலோக வளையம் ஒன்றைக் கட்டாயமாக்கினர். வண்டியின் அழகே கெட்டது என்று பலர் முணுமுணுத்தனர். அதனை எதிர்த்துப் பேசியவர்களுள் ரொமெய்ன் குரோஷான் என்னும் ஓட்டுநரும் ஒருவர். 2020-ஆம் ஆண்டு நவம்பரில் பஹ்ரைனில் அவரது வண்டி மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்பு வேலியைப் பிளந்து சென்று இரண்டு துண்டாகித் தீப்பற்றியது. ஏறக்குறைய அரை நிமிடம் நெருப்பினுள் இருந்து அவர் தாமே எழுந்து வெளியே வந்தார். அவர் தலையைக் காத்தது அதே வளையந்தான். அதனை அவர் மருத்துவ மனையிலிருந்தே மனமுவந்து கூறினார். முடி கலைகிறது, அழகு கெடுகிறது என்று தலைக்கவசத்தை வெறுக்கும் தம்பிமார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் தமிழகத்துக் கோயம்புத்தூரிலிருந்து சென்று, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியராகப் பெயர் பெற்றவர் நரேன் கார்த்திகேயன். 2005-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில் அவர் நான்காவதாக வந்தார். ஆனால் அன்று ஓடிய வண்டிகள் ஆறு மட்டுமே. ஏனைய வண்டிகளின் டயர்கள் அத்தடத்தின் சாய்ந்த வளைவைத் தாங்கமாட்டா என்று டயர் செய்தவர்களே அறிவித்துவிட்டமையால், 14 வண்டிகள் தொடங்குமுன்னரே விலகிக்கொண்டன. கூடியிருந்த பெருங்கூட்டம் கூச்சலிட்டு எள்ளியது. தம் பொருள் தாங்காது என்று தாமே சொல்வது எளிதன்று. நம் நாட்டிலும் பொருள் செய்வோர்க்கு அந்த நேர்மை வருமாயின், எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாதிருக்கும்.

அடுத்து, காற்றையும் எரிபொருளையும் காக்கும் செய்திக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 305 கிலோமீட்டர் கொண்ட ஒரு பந்தயத்திற்கு ஒவ்வொரு வண்டியும் 150 கிலோ அளவில் பெட்ரோல் சுமந்து சென்றது. 2014-ஆம் ஆண்டு, 100 கிலோவுக்கு மேல் கூடாது என்று விதித்தனர். வேகம் குறையாமல் எரிபொருளைக் குறைக்க வேண்டிய நிலையில், பொறியாளர் வீணாகும் வெப்பத்தின் மீதும் பிரேக்கின் மீதும் கண்வைத்தனர். சாதாரணப் பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகிறது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் பந்தய எஞ்சின் 2017-ஆம் ஆண்டுச் சோதனையில் பாதியைக் கடந்தது. விலை மிகுந்த அவ்வமைப்பு முழுவதும் நம் கார்களில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரேக் ஆற்றலை மீட்பது நமக்குப் புதிதன்று. நம் கல்யாண் சந்திப்பைக் கடந்து வடகிழக்கே செல்லும் வண்டிகள், கசாராவுக்கும் இகத்புரிக்கும் இடையே 37 அடிக்கு ஓரடி உயரும் மலைவழியில் ஏறுகின்றன. இறங்கி வரும்போது இக்கால மின்எஞ்சின்களின் மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி, மேல்கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. கீழிறங்கும் வண்டி மேலேறும் வண்டிக்குக் கைகொடுக்கிறது. ஆனால் சாலையில் ஓடும் காருக்கு மேல்கம்பி ஏது? மீட்ட ஆற்றலை எடை குறைந்த மின்கலத்தில் விரைந்து சேமித்து விரைந்து எடுக்க வேண்டும். அக்கலையைப் பழக்கும் பள்ளிக்கூடமாகப் பந்தயம் அமைந்தது.

2014-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் தொடங்கிய ஃபார்முலா ஈ என்னும் மின்வண்டிப் பந்தயத்தைச் சான்றாகக் கொள்ளலாம். தொடக்கத்தில் மின்கலம் பாதி வழியில் தீர்ந்துவிடும் ஆதலின், ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கி மற்றொரு வண்டியில் ஏறி ஓட்டினார். கண்டோர் நகைத்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-இல் தொடங்கிய பருவத்தில், ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் கொண்ட மின்கலத்தோடு ஒரே வண்டி முழுப் பந்தயத்தையும் ஓடி முடித்தது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இப்பந்தயம் நம் ஐதராபாத் நகரிலும் நடந்தது. அங்கு ஓடிய வண்டிகள், பந்தயத்தில் செலவிடும் ஆற்றலில் 40 விழுக்காடு அளவை பிரேக் பிடிக்கும்போதே மீட்கும் ஆற்றல் பெற்றவை. இவ்வறிவு வீதிக்கு வந்ததா எனில், வந்தது. ஜாகுவார் நிறுவனம் தன் மின்காரைக் கொண்டு நடத்திய பந்தயத்தில் கற்றதை, 2019-ஆம் ஆண்டு இறுதியில் வாடிக்கையாளர் காரின் கணினி நிரலில் சேர்த்தது. ஒரு திருகாணியும் மாற்றாமல், ஒரு முறை மின்னேற்றினால் 20 கிலோமீட்டர் வரை கூடுதலாக ஓடலாயிற்று.

தாய்மார்கள் கேட்பதற்கு ஒன்று. அங்காடிகளில் பாலும் தயிரும் அடுக்கிய, கதவில்லாத குளிர்ப்பெட்டிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் குளிர் வெளியே வழிந்து வீணாகும்; நடைபாதையும் குளிரும், மின்கட்டணமும் ஏறும். பந்தய வண்டியின் மீது பாயும் காற்றை வழிப்படுத்தும் இறக்கைகளைப் போன்ற சிறு பட்டைகளை, தட்டுகளின் விளிம்பில் பொருத்தினால் குளிர்க்காற்று உள்ளேயே நிற்கும் என்று கண்டனர். வில்லியம்ஸ் பந்தயக் குழுவின் பொறியியல் நிறுவனம் இதில் துணைநின்றது. பிரிட்டனில் செயின்ஸ்பரி அங்காடிகளில் இது பரவலாகப் பொருத்தப்பட்டது. பந்தயத் தடம் எங்கே, தயிர்க் கிண்ணம் எங்கே!

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் காட்டாவிடின் நடுநிலை தவறியவன் ஆவேன். வண்டியில் நாம் அணியும் மும்முனை இருக்கை வார், பந்தயத்தில் பிறந்ததன்று. அதனை 1959-ஆம் ஆண்டு வால்வோ நிறுவனத்தில் அமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன் விமான இருக்கைகளை அமைத்தவர். அந்நிறுவனம் அதனைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வழிவிட்டது. எரிபொருள் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஃபார்முலா ஒன் அமைப்பு 2018-ஆம் ஆண்டுக்கான தன் கரிவளிக் கணக்கை வெளியிட்டபோது மொத்தம் 2,56,551 டன் என்று தெரிந்தது. அதில் பந்தய வண்டிகளின் எஞ்சின் உமிழ்ந்தது 100-க்கு ஒரு பங்கினும் குறைவு. சரக்குகளை நாடுவிட்டு நாடு கொண்டு சென்றதற்கு மட்டும் 45 விழுக்காடு. சரக்குச் சீட்டு எழுதிப் பழகிய நமக்கு இக்கணக்கு நன்கு விளங்கும். 2030-ஆம் ஆண்டுக்குள் அக்கணக்கை நிகரச் சுழியாக்குவதாக அவர்கள் அறிவித்துள்ளனர். சொன்னதைச் செய்கின்றனரா என்று உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்பர்களே! களத்தில் விளைந்த அறிவு தானாக நடந்து நம் வீட்டுக்குள் வருவதில்லை. நாம் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். நம் அரசின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் தலைக்கவசம் அணியாது இறந்தோர் 50,029 பேர்; இருக்கை வார் அணியாது இறந்தோர் 16,715 பேர். இவ்வெண்கள் எங்கோ இருப்பவரைப் பற்றியன அல்ல. நம் குடியிருப்பிலேயே இரண்டு வீடுகளில் மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன. இருவருக்கும் 30 வயது நிரம்பவில்லை. அவர்களுள் ஒரு பிள்ளையின் தலைக்கவசம் கீறலும் இல்லாமல் வண்டியின் கண்ணாடியிலேயே மாட்டியிருந்தது. 1911-இல் வந்த கண்ணாடியும் இருந்தது; 1914-இல் வந்த கவசமும் இருந்தது. தலையில் மட்டும் இல்லை. அப்பிள்ளையின் தாயார் இன்றும் இச்சபையின் நடுவே அமர்ந்திருக்கின்றார்கள். அவர்கள் இசைவு பெற்றே இதனைக் கூறுகிறேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு என் உரையை முடிக்கிறேன். முதலாவது, சந்தைக்குச் செல்வதாயினும், பணிமனைக்குச் செல்வதாயினும் தலைக்கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிச் செல்லுங்கள். நான்கு வயது கடந்த குழந்தைக்கும் அதனை அணிவிக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது, சேமித்த பணத்தில் கார் வாங்கும் அன்பர்கள், வண்ணத்தையும் விலையையும் கேட்குமுன் நட்சத்திரம் எத்தனை என்று கேளுங்கள். ஏறியபின் பின்னிருக்கையிலும் வாரை அணியுங்கள். மூன்றாவது, நம் குடியிருப்பு வாயிலிலோ சாலைத் திருப்பத்திலோ ஒரு விபத்து நேர்ந்தால், விதி என்று சொல்லிக் கலைந்துவிடாமல், ஏன் நேர்ந்தது என்று நாமே கூடி ஆராய்ந்து உரியவர்க்கு எழுதுவோம். எழுதுவது நம் தொழில். அதனை இதற்கும் பயன்படுத்துவோம்.



வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்! வணக்கம்.